ஒரு சிட்டிகை உப்பு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் நம் கல்லூரியின் கட்டடப் பொறியியல் துறை முன்னாள் மாணவர்.)



பேசுவதற்கு என்னை அழைத்த சங்கச் செயலாளர், "ஏதாவது உபயோகமா பேசுப்பா, பத்து நிமிஷத்துல முடிச்சுடு, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு" என்றார். சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவன் சாப்பாட்டைப் பற்றியே பேசிவிட்டால் யாரும் எழுந்து போகமாட்டார்கள் என்று நினைத்தேன். அதனால் உப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் விடுதிச் சாம்பாரில் எந்த நாளும் சரியான அளவில் இருந்திராத அந்த உப்பைப் பற்றித்தான்!

நான் திருவையாற்றுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தமிழ் வழியில் படித்து வந்தவன். நாலு வருஷம் இங்கே படித்து, ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு கூட்டம். ஜல்லி சப்ளை செய்கிறவர் கொடுத்த கணக்கை நான் எழுந்து வாசித்தேன். எங்கள் மேனேஜர் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே, "டேக் இட் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அர்த்தம் தெரியாது. ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள் என்கிறாரே, ஒருவேளை மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறாரோ என்றுகூட நினைத்தேன். சாயங்காலம் அகராதியைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன். "அவர் சொல்றதை அப்படியே நம்பிடாதே, கொஞ்சம் சந்தேகத்தோட எடுத்துக்க" என்று பொருள்.

தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஆச்சரியம். ஏனென்றால் நம்ம ஊரில் உப்புக்கு அர்த்தம் இதற்கு நேர் எதிர் அல்லவா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்த்தார்கள். அங்கே உப்பு சந்தேகம். இங்கே உப்பு விசுவாசம். ஒரே உப்பு, எப்படி இரண்டு அர்த்தம்? இந்தக் கேள்வி விளையாட்டாக ஆரம்பித்தது. பிறகு என் தொழிலிலேயே எனக்கு ஒரு சூடு போட்டது. அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் இந்தத் தொடர் வந்த கதை. ரோமாபுரியில் கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்று ஓர் அறிஞர் இருந்தார். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். அவர் எழுதிய 'இயற்கை வரலாறு' என்ற பெரிய நூலில் ஒரு விஷமுறிவு மருந்து வருகிறது. பாண்டஸ் நாட்டு அரசன் மித்ரிடேட்ஸ், யாராவது விஷம் வைத்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே வாழ்ந்தவன். ரோமானியத் தளபதி பாம்பே அவனை வென்றபோது, அவன் கைப்பட எழுதி வைத்திருந்த மருந்துக் குறிப்பு கிடைத்ததாம். உலர்ந்த அக்ரூட் கொட்டை இரண்டு, அத்திப்பழம் இரண்டு, அருவதா இலை இருபது, எல்லாவற்றையும் சேர்த்து இடித்து, ஒரு கல் உப்பும் போட்டு வெறும் வயிற்றில் சாப்பிட்டால் அன்றைக்கு எந்த விஷமும் ஏறாது.

பிளினி சொன்னது நிஜமான உப்பை. அது 'நம்பத் தயங்கு' என்ற பொருளில் ஆங்கிலத்துக்கு வந்தது வெகு காலத்துக்குப் பிறகு, பதினேழாம் நூற்றாண்டில். அமெரிக்கர்கள் 'ஒரு மணி உப்பு' என்பார்கள், ஆங்கிலேயர்கள் 'ஒரு சிட்டிகை உப்பு' என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

இங்கே படிக்கும் தம்பி தங்கைகளுக்காக உபயோகிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு இன்டர்வியூவில் உதவும்.

முதல் விஷயம், இந்த உப்பைப் பேச்சின் மேல்தான் தூவவேண்டும், ஆள் மேல் அல்ல. அவர் சொன்ன கணக்கை, அந்தச் செய்தியை, அந்த விளம்பரத்தை ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்ளலாம். அதனால் அவர் பொய்யர் என்று ஆகிவிடாது. அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், ஞாபகப் பிசகாக இருக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது, முழுக்க நம்பாமல் தள்ளிவிடுவதற்கு இந்தத் தொடர் பொருந்தாது. சிட்டிகை என்றால் சிட்டிகைதான். உப்புப் போடுவதே சாப்பிடுவதற்காகத்தானே? குப்பையில் கொட்டப் போகிற சோற்றுக்கு யார் உப்புப் போடுவார்கள்?

மூன்றாவது, இதை எதிராளியின் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். "உங்கள் அறிக்கையை ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொண்டேன்" என்று மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினால் அடுத்த கடிதம் அவரிடமிருந்து வரும். அது நல்ல கடிதமாக இருக்காது.

பழகிப் பார்க்க ஓர் உதாரணம். ஆங்கிலத்தில் சம்பளத்துக்குச் சொல்லும் 'சாலரி' என்ற சொல், உப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அது சரி. ஆனால் ரோமானியச் சிப்பாய்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்து போட்டார்கள் என்று ஒரு கதை எல்லாப் பொது அறிவுப் புத்தகத்திலும் இருக்கிறது. அதற்குப் பழைய ஆதாரம் எதுவும் இல்லை. ஆகவே அதை ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்ளவேண்டும். நம்மிடமும் இதே மாதிரி ஒரு விளக்கம் உண்டு. 'சம்பளம்' என்பது சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுத்த வழக்கத்தில் வந்த சொல் என்பார்கள். தஞ்சாவூர் நெல்லும் வேதாரண்யம் உப்பும் ஒரே சொல்லில் சேர்ந்தால் நமக்குப் பெருமைதான். இருந்தாலும், பெருமையாக இருக்கிறது என்பதற்காகவே ஒன்றை நம்பிவிடக்கூடாது. அதற்கும் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்வோம்!

இனி நம்ம ஊர் உப்புக்கு வருகிறேன்.

1930-ஆம் வருஷம். ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி அவர்கள் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார்கள். ஏறக்குறைய 150 மைல். நம்ம தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாகத்தான். அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்தவர் தார்ன் என்ற ஆங்கிலேயர். இந்தத் தொண்டர்களுக்குச் சாப்பாடு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் வரை சிறை என்று ஊர் ஊராக அறிவித்தார். நெற்களஞ்சியம் என்று பேர் எடுத்த சீமையில், வந்தவனுக்குச் சோறு போடாதே என்று உத்தரவு!

ஜனங்கள் என்ன செய்தார்கள்? சில பேர் துணிந்து வீட்டிலேயே இலை போட்டுச் சிறைக்கும் போனார்கள். அதற்கு முடியாதவர்கள் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிச் சாலை ஓரத்து மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். நடந்து வந்தவர்கள் எடுத்துச் சாப்பிட்டார்கள். இதில் நான் கவனிக்கும் விஷயம் ஒன்று உண்டு. மரத்தில் தொங்கும் பொட்டலத்தைக் கட்டியது யார் என்று தெரியாது. அவிழ்த்துச் சாப்பிடுகிறவனுக்கும் கட்டினவனுக்கும் முகப் பழக்கம் கிடையாது. பாண்டஸ் அரசன் அதைக் கையாலும் தொட்டிருக்கமாட்டான். நம்ம ஆட்கள் சாப்பிட்டார்கள், நடந்தார்கள், ஏப்ரல் 28-ந் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். 30-ந் தேதி உப்பு அள்ளினார்கள், ராஜாஜி கைதானார்.

இப்படி உப்பென்றால் நம்பிக்கை என்ற மண்ணில் பிறந்து வளர்ந்தவன் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமைதான் என்னைக் குப்புறத் தள்ளியது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு கிளை வாய்க்காலின் குறுக்கே மதகோடு சேர்ந்த சிறு பாலம் கட்டும் வேலை. சைட்டில் மேஸ்திரி ஒருவர். பேர் வேண்டாம், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கம்பி கட்டுவது, சாரம் போடுவது, கான்கிரீட் போடுவது எல்லாம் எனக்குக் கைப்பழக்கமாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இங்கே என் பேராசிரியர்கள் மன்னிக்கவேண்டும், பாதிப் படிப்பு அவரிடம். இரண்டு வருஷம் மதியச் சாப்பாடு அவர் வீட்டில்தான். அவர் சம்சாரம் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் வைத்து, "தம்பி வெயில்ல நின்னுட்டு வந்திருக்கு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்று பரிமாறும். என் அம்மா ஒரு தடவை ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அந்த வீட்டு உப்பை மறந்துடாதடா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொங்கலுக்கு நான் நாலு நாள் லீவில் வந்துவிட்டேன். நான் இல்லாத நேரத்தில் பாலத்தின் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டு முடித்துவிட்டார்கள். கட்டடத் துறைக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கான்கிரீட் போடும்போதே அதிலிருந்து எடுத்து 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் வைத்து, 28-ஆம் நாள் மெஷினில் வைத்து நசுக்கிப் பார்க்கவேண்டும். எங்கள் தளத்துக்குத் தேவையான பலம் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன். 28 நாள் கழித்து அண்ணன் ரிஜிஸ்டரைக் கொண்டு வந்து வைத்தார். மூன்று கட்டிகள். 31.2, 31.3, 31.2. "எல்லாம் நல்லா வந்திருக்கு தம்பி, ஒரு கையெழுத்துப் போடுங்க."

நல்லாத்தான் வந்திருந்தது. ரொம்ப நல்லா வந்திருந்தது. அதுதான் விஷயம். முந்தைய பக்கங்களைப் புரட்டினால் ஒரு கட்டி 28 என்றால் இன்னொன்று 33 என்று இருக்கும். கான்கிரீட் அப்படித்தான். சராசரியிலிருந்து பதினைந்து சதவீதம் வரை மேலே கீழே போகலாம் என்று இந்தியத் தர நிர்ணய விதியே இடம் கொடுக்கிறது. கையால் கலந்து கையால் குத்தி வார்த்த மூன்று கட்டிகளும் அச்சடித்த மாதிரி வராது. என் கண்ணுக்கு அது பட்டது. "அண்ணே, கட்டி எங்கே வார்த்தீங்க, யார் டெஸ்ட் பண்ணினது?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கவேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே, மத்தியானம் அவர் வீட்டு இலையில் எப்படி உட்காருவேன்? கையெழுத்தைப் போட்டேன். போட்டுவிட்டு அவர் வீட்டில் போய்ச் சாப்பிட்டேன்.

முட்டைப் பிரித்தபோது தளத்தின் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. மேற்பார்வைக்கு வந்த ஆலோசகர் பார்த்தார். தளத்திலிருந்தே உருளையாகத் துளைத்து எடுத்துச் சோதிக்கச் சொன்னார். விதி என்ன? எடுத்த உருளைகளின் சராசரி, வேண்டிய பலத்தில் 85 சதவீதமாவது இருக்கவேண்டும், தனி ஒன்று 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. மூன்று உருளையில் இரண்டு போய்விட்டது. ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் வேலையை முடிக்கவேண்டும். போட்ட தளத்தை உடைத்து எடுத்து மறுபடியும் போட்டோம். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, அது கடவுள் புண்ணியம். எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. அண்ணனுக்கு வேலை போயிற்று.

அவர் கிளம்புகிற அன்றைக்குத்தான் நடந்ததைச் சொன்னார். அன்று சிமெண்டு லாரி பாதி லோடோடு வந்திருக்கிறது. ஆட்கள் பொங்கலுக்குக் கிளம்பும் அவசரம். மேலிருந்து, "இன்னைக்கே முடி" என்று போன். இருந்ததை வைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கலந்து போட்டுவிட்டார்கள். கட்டி வார்க்கவே இல்லை. "ஒரு மாசமா எனக்குத் தூக்கமில்லை தம்பி. ரிஜிஸ்டரைக் கொண்டாந்து வச்சப்போ நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். நீங்க கேக்கலியே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்று வரை அது என்னை விட்டுப் போகவில்லை. நான் கேட்காமல் விட்டதை விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவரைத் தனியாக விட்டுவிட்டேன். அன்றைக்கே கேட்டிருந்தால் 28 நாள் கழிந்த கான்கிரீட்தான், உடைப்பது உடைப்பதுதான். ஆனால் அதை அவரே வாய்விட்டுச் சொன்னதாக இருந்திருக்கும். கையும் களவுமாகப் பிடிபட்டதாக ஆகியிருக்காது. ஒருவேளை வேலையாவது தங்கியிருக்கும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்பார்கள். பொய்க் கணக்கு எழுதியவர் மட்டும் குடிக்கவில்லை, பார்த்தும் பேசாமல் இருந்த நானும்தான் குடித்தேன். ஆனால் அவர் குடித்தது குடம், நான் குடித்தது டம்ளர். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்த வருஷம் குறுவைக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் அப்பா விதைநெல்லைத் தயார் செய்துகொண்டிருந்தார். டெல்டாக்காரர்கள் பல பேர் பார்த்திருப்பீர்கள். ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, நல்ல கோழிமுட்டை ஒன்றை உள்ளே விடுவார். முட்டை அடியில் போய்விடும். உப்பைக் கொட்டிக் கரைத்துக்கொண்டே வருவார். உப்பு ஏற ஏற முட்டை எழும்பி, பழைய நாலணாக் காசு அளவுக்கு மேலே தெரியும். அதுதான் பதம். முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டினால் பதரும் அரைவிதையும் மிதக்கும், கெட்டி விதை அடியில் தங்கும். மிதந்ததை அரித்து எடுத்துவிட்டு, தங்கின விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுவார். அலசாவிட்டால் உப்பே முளைப்பைக் கெடுத்துவிடும்.

நான் சும்மா இராமல், "ஏம்ப்பா, நம்ம களத்து நெல்லுதானே, நம்ம வயல்ல விளைஞ்சது, இதையுமா சந்தேகப்படுறீங்க?" என்றேன். அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இதை நம்பித்தான்டா ஒரு போகம் இருக்கு. அதனாலதான் பாக்குறேன்" என்றார்.

இத்தனை வருஷம் அகராதியில் தேடியது எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்திருக்கிறது. நம்பவில்லை என்பதால் அல்ல, நம்பப் போகிறோம் என்பதால்தான் உப்பு. சோதிக்கும்போது உப்பு வேண்டும். சோதித்த பிறகு அந்த உப்பை அலசிவிடவும் வேண்டும். விதைத்த பிறகு தினமும் மண்ணைத் தோண்டி முளைத்ததா என்று பார்க்கிறவன் பயிர் செய்யமாட்டான்.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தை முடிக்கும்போது இதைத்தான் சொல்கிறார். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பிறகு அவர் மேல் சந்தேகப்படுவதும், இரண்டுமே தீராத துன்பம் என்கிறார். முதல் தப்பை நான் செய்தேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வருஷம் இரண்டாவது தப்பையும் செய்தேன். யாரைப் பார்த்தாலும் சந்தேகம். என்னிடம் வேலை பார்க்கப் பயந்தார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது சரி, உப்பு மிஞ்சிய பண்டமும் அங்கேதானே போகும்?

ஆளைச் சந்தேகிப்பது வேறு, வேலையைச் சோதிப்பது வேறு. ஆற்றில் நிற்கும் கட்டுமானங்களுக்கும் இது பொருந்தும். ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டி முடித்த முக்கொம்பு மேலணையில், 2018 ஆகஸ்ட் 22-ந் தேதி இரவு, கொள்ளிடத்தில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தபோது ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. காட்டன் மேல் நமக்குள்ள மதிப்பு அதனால் குறையாது. ஆனால் நூற்றெண்பது வருஷம் நின்றது என்பது அடுத்த வருஷத்துக்குச் செய்யவேண்டிய சோதனைக்கு ஈடாகிவிடாது. விதைக்குப் போகத்துக்குப் போகம் உப்புத் தண்ணீர் வைக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்கள் முன்னாலும் ஒரு ரிஜிஸ்டர் வரும். கொண்டு வருகிறவர் உங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவராக இருப்பார், சோறு போட்டவராகவும் இருப்பார். அந்த நேரத்தில் கேட்கத் தயங்காதீர்கள். மரியாதையாகக் கேளுங்கள், உட்கார வைத்துக் கேளுங்கள், தனியாகக் கேளுங்கள். ஆனால் கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள். "சோத்துல உப்புப் போட்டுத்தானே சாப்பிடுறே?" என்று நம்ம ஊரில் ரோஷத்தைச் சுட்டிக் கேட்பார்களே, அந்த ரோஷத்தைக் கையெழுத்துப் போடும்போது காட்டுங்கள்.

அண்ணன் இப்போது வேறொரு ஊரில் வேலை பார்க்கிறார். மூன்று வருஷம் கழித்து அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். வாசலில் நிற்கவே கூச்சமாக இருந்தது. அவர் சம்சாரம் பார்த்துவிட்டு, "தம்பியா, வாங்க" என்று இலையைப் போட்டது. அதே வத்தக்குழம்பு. அன்றைக்குக் குழம்பில் உப்புக் கொஞ்சம் தூக்கல். அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "தம்பி, இப்பவாவது ஏதும் கேக்கணும்னா கேட்டுடுங்க" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். எனக்குத்தான் கண் கலங்கியது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பந்தி தயாராகிவிட்டது போலிருக்கிறது. நம் கல்லூரியில் நாலு வருஷம் தின்ற உப்புக்கு நன்றி சொல்லி, இன்றைய சாம்பாரில் அது சரியாக இருக்கும் என்று நம்பி, ஆனாலும் முதல் கவளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, விடைபெறுகிறேன்.